பத்து ஏ.பி. தேர்வு எழுதினால்தான் நல்ல காலேஜா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். பையன் இப்போதுதான் பதினொன்றாம் கிரேடு ஆரம்பித்திருக்கிறான். பள்ளியில் நான்கு ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற கல்லூரித் தர) பாடம் எடுத்திருக்கிறான்: ஏ-பி (AB) கால்குலஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலிஷ் லாங்குவேஜ், யு.எஸ். ஹிஸ்டரி. ஒரு காலேஜ் கன்சல்டன்டிடம் போனோம். இது போதாது, இன்னும் ஆறு தேர்வைச் சொந்தமாகப் படித்து எழுதினால்தான் போட்டியில் நிற்க முடியும் என்று பட்டியல் கொடுத்தார்: பி-சி (BC) கால்குலஸ், ஃபிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ், சைக்காலஜி, ஹியூமன் ஜியாகிரஃபி, என்விரான்மென்டல் சயின்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ். அதற்கு அவரே கோச்சிங் தருவாராம், 3,600 டாலர். 500 முன்பணம் கட்டிவிட்டோம். பையன் மார்ச்சிங் பேண்டிலும் ரோபாட்டிக்ஸிலும் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம். தன்னால் முடியும் என்கிறான். உண்மையில் முடியுமா? முடியாது என்றால் எதை விடச் சொல்வது?

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே எழுத யாராலும் முடியாது. உங்கள் பையன் கெட்டிக்காரனா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏ-பி கால்குலஸ், பி-சி கால்குலஸ் இரண்டையும் ஒரே வருடத்தில் எழுதக் கூடாது என்பது தேர்வு நடத்தும் காலேஜ் போர்டின் விதி. பள்ளியில் அவன் படிப்பது ஏ-பி, கன்சல்டன்ட் கூட எழுதச் சொல்வது பி-சி. 3,600 டாலர் கேட்கிறவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எண்ணிக்கை பத்து என்று காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டில் எது உண்மையானாலும் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, கன்சல்டன்டுகளின் பிழைப்பே அந்தக் குழப்பத்தில்தான் ஓடுகிறது. ஏ.பி. பாடம் வேறு, ஏ.பி. தேர்வு வேறு. பள்ளியில் ஒரு வருடம் பாடமாகப் படித்தால் அது டிரான்ஸ்கிரிப்ட் என்ற பள்ளி மதிப்பெண் பட்டியலில் ஏறும், கூடுதல் எடையோடு ஜி.பி.ஏ. என்ற மொத்தச் சராசரியில் சேரும், வகுப்பு ரேங்க்கில் தெரியும். வீட்டில் உட்கார்ந்து தானே படித்து மே மாதம் போய் எழுதும் தேர்வு இந்த மூன்றிலும் வராது. ஜூலையில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வரும், அவ்வளவுதான். டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆஸ்டினில் இருக்கும் யு.டி. பல்கலைக்கழகம் தானாகவே இடம் தரும் வரம்பை 2026 இலையுதிர் பருவத்திலிருந்து வகுப்பில் முதல் 5 சதவீதம் என்று குறைத்துவிட்டது, முன்பு 6 ஆக இருந்தது. அந்த ரேங்க்கைத் தீர்மானிப்பது பள்ளிப் பாடங்களின் மார்க். சைக்காலஜி தேர்வுக்கு ராத்திரி விழித்துப் படித்து, கெமிஸ்ட்ரி வகுப்பில் 95 வாங்க வேண்டியவன் 88 வாங்கினால், ரேங்க்கில் விழுகிற அடியை அந்தச் சைக்காலஜி 5 சரிக்கட்டாது.

அப்படியானால் சொந்தமாகப் படித்து எழுதுவதில் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கல்லூரிக் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகக் கல்லூரி கணக்கில் சேர்த்துக்கொள்வது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று 2015-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிரெடிட் அவன் எடுக்கப்போகும் மேஜருக்கு, அதாவது பட்டப்படிப்பின் முதன்மைப் பாடத்துக்கு, தேவைப்படுமா என்பதுதான் கேள்வி. இன்ஜினியரிங் போகிற பையனுக்கு ஹியூமன் ஜியாகிரஃபி கிரெடிட் கையில் இருக்கும், செலவழிக்க இடம் இருக்காது. தனியார் பக்கம் போனால் கால்டெக் மாதிரி இடங்களில் ஏ.பி.க்குக் கிரெடிட்டே கிடையாது. ஆகவே கன்சல்டன்டின் பட்டியலை மூடி வைத்துவிட்டு, பையன் போக ஆசைப்படும் நான்கைந்து கல்லூரிகளின் ஏ.பி. கிரெடிட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாரும் வெளியிட்டிருக்கிறார்கள், இலவசம், அரை மணி நேர வேலை.

இப்போது ஆறையும் பார்த்துவிடலாம். ஹியூமன் ஜியாகிரஃபி உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் கிரேடு பிள்ளைகள் எழுதுவது. பதினொன்றில் தனியாக எழுதி யாரையும் அசத்த முடியாது, வெட்டுங்கள். மேக்ரோ எகனாமிக்ஸ் வேண்டாம், காரணம் டெக்சாஸில் பட்டம் வாங்க அரை வருடம் எகனாமிக்ஸ் படித்தே ஆக வேண்டும், பன்னிரண்டில் அதே பாடத்தை ஏ.பி.யாகப் பல பள்ளிகளில் தருகிறார்கள். அப்போது படித்தால் ஜி.பி.ஏ.-வும் ஏறும், இப்போது படித்தால் ஒன்றும் ஏறாது. என்விரான்மென்டல் சயின்ஸ் சுலபம் என்று பெயர், அந்தப் பெயருக்காகத்தான் பட்டியலில் இருக்கிறது. ஃபிசிக்ஸ் சி கால்குலஸை வைத்து நடத்தும் பாடம். கால்குலஸையே இந்த வருடம்தான் தொடுகிறான் என்றால் அடுத்த வருடம் பள்ளியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். முன்பு அது ஒன்றரை மணி நேரத் தேர்வு, 2025 முதல் மூன்று மணி நேரம், ஆகையால் சீனியர்கள் சொல்லும் பழைய அனுபவமும் செல்லாது. சைக்காலஜியில் அவனுக்கே ஆசை இருந்தால் வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

பி-சி கால்குலஸ் மட்டும் விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றுக்காகத்தான் சொந்தப் படிப்பு என்பதே உருப்படியான வேலையாகிறது. பி-சி என்பது ஏ-பி-யில் உள்ள அத்தனையும், அதற்கு மேல் கொஞ்சமும். பள்ளியில் டீச்சர் நடத்துவதே பெரும்பகுதி வந்துவிடுகிறது. அவன் தனியாகப் படிக்க வேண்டியது முடிவிலாத் தொடர்கள், பாராமெட்ரிக் மற்றும் போலார் சார்புகள், இன்டகிரேஷனில் சில கூடுதல் முறைகள், ஆய்லர் முறை, லாஜிஸ்டிக் மாடல், இவ்வளவுதான். தொடர்களுக்குத் தேர்வில் 17-18 சதவீதம், பாராமெட்ரிக், போலார் பகுதிக்கு 11-12 சதவீதம் எடை. விரிவாக எழுதும் ஆறு கேள்விகளில் கடைசிக் கேள்வி பெரும்பாலும் தொடர்களிலிருந்துதான் வரும். இதில் இன்னொரு வசதி, பி-சி எழுதினால் ஏ-பி பகுதிக்குத் தனியாக ஒரு துணை மதிப்பெண்ணும் கூடவே வந்துவிடுகிறது. மொத்தத்தில் 3 வந்து ஏ-பி பகுதியில் 5 வந்தால், அந்தத் துணை மதிப்பெண்ணை ஏற்று முதல் செமஸ்டர் கால்குலஸுக்குக் கிரெடிட் தரும் கல்லூரிகள் உண்டு. அதாவது சறுக்கினாலும் தரையில் விழ மாட்டான். வேறு எந்தத் தேர்விலும் இந்தப் பாதுகாப்பு இவனுக்குக் கிடையாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் ஏ-பி வகுப்பில் இருப்பதால் பள்ளி அவனுக்கு ஏ-பி தேர்வுத்தாளைத்தான் ஆர்டர் செய்யும். பள்ளியில் தேர்வு ஏற்பாடுகளைப் பார்க்கும் ஏ.பி. கோஆர்டினேட்டரிடம் போய், ஏ-பி தேர்வு வேண்டாம், பி-சி வேண்டும் என்று சொல்லி, தேர்வு மட்டும் எழுதுகிறவர்கள் பதிவு செய்வதற்கான ஜாயின் கோடு வாங்க வேண்டும். அதற்கு முன் கால்குலஸ் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். முக்கால்வாசி டீச்சர்கள் சந்தோஷப்படுவார்கள், மதிய இடைவேளையில் டெய்லர் தொடர் சந்தேகத்தைத் தீர்த்தும் வைப்பார்கள், 3,600 டாலர் கேட்காமல்.

இந்தக் கெடு விஷயம் எனக்கு எப்போதும் எரிச்சல் மூட்டுவது. மே மாதம் நடக்கும் தேர்வுக்கு நவம்பர் நடுவிலேயே ஆர்டர் முடிகிறது. பல பள்ளிகள் அதற்கும் முன்னால் அக்டோபரிலேயே பணத்தை வாங்கிக் கணக்கை மூடிவிடுவார்கள். தேர்வு ஒன்றுக்கு 99 டாலர், பிந்தினால் 40 சேர்த்து, பிறகு வேண்டாம் என்று ரத்து செய்தாலும் 40. டிரைவிங் லைசன்ஸ்கூட எடுக்காத பையன் எட்டு மாதம் கழித்து எத்தனை தேர்வு தாங்குவான் என்பதை இலையுதிர் காலத்திலேயே முடிவு பண்ண வேண்டுமாம். காலேஜ் போர்டுக்கு லாப நோக்கமற்ற அமைப்பு என்று பெயர் வேறு. பள்ளியில் போய்க் கேட்கலாம் என்றால் அங்கே மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரைப் பிடிப்பதே பெரும்பாடு. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய சங்கமே பரிந்துரைக்கும் அளவு, நாட்டின் சராசரி 350-ஐத் தாண்டுகிறது. அந்த இடைவெளியில்தான் கன்சல்டன்டுகள் கடை போட்டிருக்கிறார்கள். கவுன்சிலருக்கு நேரம் இருந்திருந்தால் நீங்கள் கன்சல்டன்டிடம் போயிருக்கவே மாட்டீர்கள்.

இந்தக் கடைகளில் என்ன விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் சரக்கு, பழைய கேள்வித்தாள் தொகுப்பு. விரிவாக எழுதும் பழைய கேள்விகளும், அவற்றின் திருத்தும் விதிகளும், உண்மையான மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும் காலேஜ் போர்டின் தளத்திலேயே காசில்லாமல் கிடக்கின்றன. பாடத்திட்டம் முழுதும் ஒரு பி.டி.எஃப். வீடியோ வேண்டுமென்றால் கான் அகாடமி, காலேஜ் போர்டின் சொந்த யூடியூப் வகுப்புகள். இரண்டாவது சரக்கு, "5 கியாரண்டி". கியாரண்டியின் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், வராவிட்டால் அடுத்த வருடம் கோச்சிங் இலவசம் என்றிருக்கும், அடுத்த வருடம் அவன் பன்னிரண்டில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பான். மூன்றாவது, இந்த வருடக் கேள்வியே எங்களிடம் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது. அது பொய்யாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் பையனின் மதிப்பெண்ணே ரத்தாகும். நான்காவது விருது ஆசை. ஐந்து தேர்விலாவது 3 அல்லது அதற்கு மேலும், எழுதிய எல்லா ஏ.பி. தேர்வுகளின் சராசரி 3.5 அல்லது அதற்கு மேலும் வந்தால் "ஏ.பி. ஸ்காலர் வித் டிஸ்டிங்ஷன்" என்று ஒரு விருது தருவார்கள். பெயர் தவிர பைசா கிடையாது, இதை ஸ்காலர்ஷிப் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நேரம். பேண்டுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் 8 மணி நேரப் பயிற்சிதான் என்று டெக்சாஸில் விதி இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் போகிற வருகிற நேரம் அந்த எட்டில் சேராது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டம், அக்டோபரில் சனிக்கிழமைப் போட்டிகள் என்று பார்த்தால் நவம்பர் வரை அவன் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவன் மாதிரிதான். அந்த மாதங்களில் பள்ளிப் பாடத்தைத் தவிர எதுவும் வேண்டாம், பி-சி புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டாம். பேண்ட் சீசன் முடிந்ததும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, வாரம் நான்கு மணி நேரம் தொடர்களுக்கு என்று வைத்தால் மார்ச்சுக்குள் முடியும். ஜனவரியில் ரோபாட்டிக்ஸ் சூடு பிடிக்கும், அது உண்மைதான். அணி நன்றாக ஆடினால் வசந்த காலம் முழுக்கப் போட்டிகள், ஹூஸ்டனில் நடக்கும் இறுதிப் போட்டி வரை போனால் தேர்வுக்கு மிக நெருக்கத்தில் வந்து நிற்பான். ஐந்து தேர்வு வைத்திருப்பவன் இதைச் சமாளிப்பான், ஒன்பது வைத்திருப்பவன் ரோபோவையோ கெமிஸ்ட்ரியையோ கைவிடுவான். மிருதங்கத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். தமிழ் வீடுகளில் முதல் பலி அதுதான், வாரத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகும், அந்த ஒரு மணி நேரமும் ஃபோனில் போகும்.

படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தனியாகப் படிக்கிறவர்கள் விடை வந்துவிட்டால் டிக் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், திருத்துகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் கேள்வியில் இன்டகிரேட் செய்யும்போது சி என்ற மாறிலியைப் போட மறந்தால், அதற்குப் பின் எவ்வளவு சரியாகச் செய்திருந்தாலும் மிச்சப் புள்ளிகள் கிடைக்காது. திருத்தும் விதியில் தெளிவாக எழுதியிருக்கிறது. தொடர் குவிகிறது என்று சொன்னால் போதாது, எந்தச் சோதனையை வைத்துச் சொன்னாய், அதன் நிபந்தனை இங்கே பொருந்துகிறதா என்று காட்ட வேண்டும். அதனால் மார்ச்சுக்குப் பிறகு புதுப் பாடம் எதுவும் வேண்டாம், பழைய கேள்வியை நேரம் வைத்துத் தாளில் எழுதி, திருத்தும் விதியை எடுத்து அவனே சிவப்பு மையில் திருத்தட்டும். கால்குலஸில் இப்போது கொள்குறிக் கேள்விகள் கணினித் திரையிலும், விரிவான விடைகள் காகிதத்திலும் எழுதுகிறார்கள், எனவே கையால் எழுதிப் பழகாமல் ஐபேடிலேயே படிப்பவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் திணறுகிறார்கள்.

ஆகக் கணக்கு இது: இங்கிலிஷ் லாங்குவேஜ், யு.எஸ். ஹிஸ்டரி, கெமிஸ்ட்ரி, ஏ-பி-க்குப் பதில் பி-சி, ஆசை இருந்தால் சைக்காலஜி. 495 டாலர். "முடியும்" என்று பையன் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், செப்டம்பரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். இந்த வாரமே கோஆர்டினேட்டருக்கு அவனே மெயில் போடட்டும். நீங்கள் போட்டால் பதில் தாமதமாகத்தான் வரும், அந்த நாற்காலிகளின் சுபாவம் அது.

500 டாலர் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏ-பி, பி-சி இரண்டையும் ஒரே வருடத்தில் எழுத முடியாது என்ற விதியைச் சுட்டிக்காட்டி, செய்ய முடியாத பட்டியலுக்கு வாங்கிய பணம் என்று எழுத்தில் கேளுங்கள், ஃபோனில் பேசாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அவர் தட்டிக்கழிக்கும்போது கார்டு கம்பெனியிடம் டிஸ்ப்யூட் போடலாம். செல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை மூலம் அனுப்பியிருந்தால் மீட்பது கஷ்டம்.