சட்டம் வந்தால் நம் பள்ளிக்குப் பணம் வருமா?

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்கள் கேட்ட கேள்விகள் இவை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

புளியந்தோப்பு: சார், பள்ளிக்கூடம் சம்பந்தமாகப் புது மசோதா என்றாலே சிலர் பணம் கொட்டப் போகிறது என்கிறார்கள், சிலர் இருப்பதும் போச்சு என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் உடனே நம்ப வேண்டாம். மசோதா கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது நிதிக் குறிப்பை. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால் அதை இணைத்தாக வேண்டும். அதில் தொகை இருக்கிறதா, இல்லை ‘இப்போது கணக்கிட இயலாது’ என்று நழுவியிருக்கிறார்களா என்று பாருங்கள். தொகையே இல்லாத மசோதாவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. சட்டம் கடமையைத்தான் உண்டாக்கும். காசு ஒவ்வொரு வருடமும் பேரவையில் மானியக் கோரிக்கை, அதாவது ஒரு துறையின் செலவுக்கு அனுமதி கேட்கும் தீர்மானம், நிறைவேறித்தான் வரும். பள்ளிக் கல்விக்கு அது 43-ஆம் எண் கோரிக்கை. 2025-26 பட்ஜெட்டில் அந்தத் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும்.

சைதாப்பேட்டை: எங்களுடையது மாநகராட்சிப் பள்ளி. அந்த 46 ஆயிரம் கோடி எங்களுக்கும் சேர்த்துத்தானா?

பாடநூல், சீருடை மாதிரியான நலத்திட்டங்கள் மற்ற அரசுப் பள்ளிகளுக்குப் போலவே உங்களுக்கும் வரும். கட்டடம், பராமரிப்பு, நிர்வாகம் எல்லாம் மாநகராட்சியின் தலையில். அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் அது பொது வருவாயோடு கலக்காமல் ஆரம்பக் கல்வி நிதி என்று தனியாக நிற்கும்.

ஆகவே பெயரில் ‘பள்ளி’ என்று இருக்கும் மசோதாவை மட்டும் கவனித்தால் போதாது. 1998-ஆம் வருடத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம் வந்தாலும் உங்கள் வகுப்பறையைத் தொடும். 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள் அல்லவா? பழைய சென்னைப் பகுதி வீடுகளுக்கு, பரப்பளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம் வரை. 2024 அக்டோபரில் மேலும் 6 சதவீதம். வரி ஏறும்போது கல்விப் பங்கும் கூடவே ஏறும். ஏதாவது ஒரு வகைக் கட்டடத்துக்கு வரி விலக்கு கொடுத்தால் இங்கேயும் அடி விழும். விலக்கு கொடுக்கிற அன்று அதை யாரும் பேச மாட்டார்கள்.

ராயபுரம்: கல்வி வரிதானே, பள்ளிக்கு எது தேவையோ அதற்கெல்லாம் செலவழிக்க வேண்டியதுதானே?

முடியாது. இதற்கு நம்ம ஊரிலேயே நூறு வருடத்துக் கதை இருக்கிறது. 1920-இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட மன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. அதே 1920-இல்தான் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டப்படி, ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய முடியாது என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது.

தணிக்கைக்காரனாக அன்று நான் இருந்திருந்தாலும் அதே ஆட்சேபணையைத்தான் எழுதியிருப்பேன், என்ன செய்ய. சட்டம் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும். அதனால் புது மசோதாவில் நிதி உண்டாக்குகிறோம் என்று ஒரு பிரிவு இருந்தால், எதெதற்குச் செலவழிக்கலாம் என்ற உட்பிரிவை இரண்டு முறை படியுங்கள். துப்புரவுப் பணியாளர் சம்பளம், காவலாளி, மின்கட்டணம் இவையெல்லாம் அதில் அடங்குகிறதா? கட்டடம் கட்டப் பணம் கிடைத்து, அதைக் கூட்டிப் பெருக்க ஆள் கிடைக்காத பள்ளிகளின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர்: ஒன்றிய அரசு நிறுத்தி வைத்த பணத்துக்கு மாநிலச் சட்டம் போட்டுத் தீர்வு காண முடியாதா?

முடியாது. பள்ளிக் கல்விக்கு ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான சுமார் 2,152 கோடியை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லியைக் கட்டிப்போடும் சட்டத்தைக் கோட்டையில் இயற்ற முடியாது. ஆனால், அங்கிருந்து வராத வருடம் அந்தப் பள்ளத்தை நாங்களே நிரப்புவோம் என்று மாநிலம் தன்னைத்தானே கட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு பிரிவு வந்தால் நான் கைதட்டுவேன்.

பள்ளி மட்டத்தில் இது எப்படித் தெரியும் என்றால், சமக்ர சிக்ஷாவில் வரும் பள்ளி மானியத்தைப் பாருங்கள். 101 முதல் 250 பிள்ளைகள் வரை இருந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000. அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்கு. மிச்சத்தில்தான் சாக்பீஸ், உடைந்த குழாய், எரியாத பல்பு எல்லாம். அதுவும் தாமதமானால் தலைமையாசிரியர் சொந்தக் காசைப் போட வேண்டியதுதான்.

அம்பத்தூர்: மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டார்களே, அது சட்டம் இல்லையா?

இல்லை. 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியானது கொள்கை. அதைக் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது.

திருவொற்றியூர்: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டால் எங்கள் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்களே. சட்டம் வந்ததும் பணமும் வந்ததே?

நல்ல கேள்வி. 2020-இல் வந்த அந்தச் சட்டம் கொடுத்தது இடத்தை மட்டும்தான். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் கட்டணம் கட்ட முடியாமல் திண்டாடிய பிறகுதான், அரசே கட்டும் என்ற அறிவிப்பு தனியாக வந்தது.

வியாசர்பாடி: மசோதாவையெல்லாம் படிக்க எங்களுக்கு நேரமில்லை சார். நாங்கள் செய்யக்கூடியது என்ன?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசோ உள்ளாட்சியோ கொடுக்கும் மானியத்துக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படை என்று சட்டமே சொல்கிறது. நிறையப் பள்ளிகளில் போன வருடத்துத் தாளையே தேதி மாற்றி அனுப்புகிறார்கள். ‘கழிப்பறை வேண்டும்’ என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எத்தனை பெண் பிள்ளைகள், இப்போது எத்தனை கழிப்பறை, அதில் எத்தனை கதவு பூட்டும் என்று எழுதுங்கள். வார்டு உதவிப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கிச் சேருங்கள். பொங்கல் முடிந்த கையோடு, மாநகராட்சி பட்ஜெட்டுக்கு முன்னால், நகலைக் கவுன்சிலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.