வாசகர் கேள்வி–பதில்: புகைபோக்கியில் பிடித்த மாசு எங்கே போகிறது?

அனல் மின் நிலையங்களின் மாசுக் கட்டுப்பாடு பற்றியும் நிலக்கரிச் சாம்பலின் மறுபயன்பாடு பற்றியும் வாசகர்கள் எழுதிய ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அனல் மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து முன்போல் கரும்புகை வருவதில்லை. மாசுப் பிரச்சினை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கண்ணுக்குத் தெரிகிற மாசு பெருமளவு குறைந்திருக்கிறது, அது உண்மையான முன்னேற்றம். நிலக்கரியை மாவாக அரைத்துக் கொதிகலனில் எரிக்கும்போது அதிலுள்ள கனிமப் பொருள் எரிவதில்லை. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுண்துகளாகப் புகையோடு மேலேறுகிறது; இதுவே பறக்கும் சாம்பல், பேச்சுவழக்கில் ஃப்ளை ஆஷ். எஞ்சியது கனத்த அடிச்சாம்பலாகக் கொதிகலனின் அடியில் விழுகிறது. புகை செல்லும் வழியில் உயர் மின்னழுத்தக் கம்பிகள் துகள்களுக்கு மின்னேற்றம் தர, எதிரே உள்ள தகடுகள் அவற்றை ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. நன்றாகப் பராமரிக்கப்படும் கருவி, பறக்கும் சாம்பலில் 99 விழுக்காட்டுக்கு மேல் நிறுத்திவிடும்.

ஆனால் கந்தக டைஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. பாதரசம் ஆவியாகவே வெளியேறும். இவற்றைப் பிடிப்பதற்குப் பதிலாகப் புகைபோக்கியை மேலும் மேலும் உயர்த்துவதே ஒரு காலத்தில் தீர்வாகக் கருதப்பட்டது. உயரமான புகைபோக்கி, நிலையத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கு நல்ல காற்றைத் தந்தது. கந்தகமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, பிற நாடுகளின் தொழிற்சாலைப் புகைக்கு எந்த வகையிலும் பொறுப்பில்லாத ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாகப் பெய்தது. 1979-இல் ஜெனீவாவில், எல்லை தாண்டும் காற்று மாசு குறித்த உடன்படிக்கை உருவானதற்கும், கந்தக உமிழ்வை 30 விழுக்காடு குறைக்க 1985-இல் ஹெல்சின்கியில் நாடுகள் ஒப்புக்கொண்டதற்கும் அதுவே காரணம். பிடிக்கப்பட்ட மாசு அழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிவரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: நான் வேதியியல் மாணவி. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கினால் ஜிப்சம் கிடைக்கும் என்று படித்தேன். கணக்குடன் விளக்க முடியுமா?

பதில்: முடியும், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும். பரவலாகப் பயன்படும் முறையில், புகையின் மீது சுண்ணாம்புக்கல் மாவு கரைத்த நீரைத் தெளிக்கிறார்கள். ஒரு விழுக்காடு கந்தகம் உள்ள 100 டன் நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். அதில் 1 டன் கந்தகம் உள்ளது. அது முழுவதும் எரிந்தால் 2 டன் கந்தக டைஆக்சைடு ஆகிறது. அதை முழுவதுமாகப் பிடிக்க ஏறத்தாழ 3.1 டன் தூய சுண்ணாம்புக்கல் தேவை. முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 5.4 டன் ஜிப்சம். காற்றில் போகவிருந்த ஒரு டன் கந்தகம், தரையில் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட திடப்பொருளாகிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஏறத்தாழ 1.4 டன் கார்பன் டைஆக்சைடும் பிரிந்து வெளியேறுகிறது. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் கரைசலுக்குள் காற்றை ஊதுவது முக்கியம். ஊதாவிட்டால் கால்சியம் சல்பைட் என்ற, நீரை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் சேறுதான் மிஞ்சும். அதை எவரும் வாங்குவதில்லை. ஊதினால் ஆக்சிஜன் ஏறி, எளிதில் வடிகட்டக்கூடிய ஜிப்சம் படிகங்கள் உருவாகின்றன. சாம்பலை முன்கூட்டியே பிடித்துவிட்டு, படிகங்களில் ஒட்டியிருக்கும் குளோரைடைக் கழுவி நீக்கினால், சுரங்க ஜிப்சத்துக்கு ஈடான பொருள் கிடைக்கும். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் 1990-களிலிருந்து மின் நிலையத்தின் ஜிப்சம் அருகிலிருந்த சுவர்ப்பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகச் சென்றது. ஒரு தொழிற்சாலையின் கழிவு மற்றொன்றின் உள்ளீடாவதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நகரம் அது.

கழுவிய நீரைப் பற்றியும் கேட்க வேண்டும். குளோரைடு, செலினியம், பாதரசம் ஆகியவை அந்த நீரில்தான் சேர்கின்றன. செலினியம் என்ன செய்யும் என்பதற்கு வட கரோலினாவின் பெலூஸ் ஏரி சாட்சி: 1970-களில் ஒரு நிலையம் சாம்பலைத் தேக்கிய குளத்தின் நீர் கலந்ததால், அந்த ஏரியின் மீன் இனங்களில் பெரும்பாலானவை இனப்பெருக்கம் செய்ய இயலாமல் அழிந்தன. அமெரிக்கா 2015-இல் கந்தக நீக்கக் கழிவுநீருக்கு ஆர்சனிக், பாதரசம், செலினியம், நைட்ரேட் ஆகியவற்றுக்கான வரம்புகளை விதித்தது.

கேள்வி: உமிழ்வு வரம்புகள் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகின்றன?

பதில்: நிலக்கரியின் தரம், நிலையங்களின் வயது, அரசின் உறுதி ஆகிய மூன்றும் காரணங்கள். சீனா 2014-இல் அறிவித்த மிகக் குறைந்த உமிழ்வுத் திட்டத்தில், ஒரு கன மீட்டர் புகையில் துகள் 10, கந்தக டைஆக்சைடு 35, நைட்ரஜன் ஆக்சைடு 50 மில்லிகிராம் என்பது வரம்பு. இந்தியா 2015 டிசம்பரில் வெளியிட்ட விதிகளில், 2017 முதல் நிறுவப்படும் நிலையங்களுக்கு இவை முறையே 30, 100, 100 மில்லிகிராம் என வைக்கப்பட்டன. பழைய நிலையங்களுக்கு வரம்பு தளர்வானது. மேற்கு ஜெர்மனி 1983-இலேயே பெரிய நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயமாக்கி, சில ஆண்டுகளுக்குள் பொருத்தியும் முடித்தது. விதியில் எழுதியிருக்கும் எண்ணைவிட, அதை நிறைவேற்ற வேண்டிய நாளே அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. இந்தியாவில் கந்தக டைஆக்சைடுக்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

கேள்வி: சிமென்டில் சாம்பலைச் சேர்ப்பது ஒருவகைக் கலப்படம்தானே? வீடு கட்டும் எங்களை ஏமாற்றுவதாகத் தோன்றுகிறது.

பதில்: உங்கள் ஐயம் இயல்பானது, ஆனால் தரமான சாம்பலை அளவோடு சேர்ப்பது கலப்படமாகாது. சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது கான்கிரீட்டுக்கு வலு தரும் பசைப்பொருளோடு, வலு தராத கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. சாம்பலிலுள்ள கண்ணாடித்தன்மை கொண்ட சிலிக்காவும் அலுமினாவும் இந்த ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு, அதையும் பசைப்பொருளாக மாற்றுகின்றன. நேப்பிள்ஸ் அருகே உள்ள பொட்சுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலைக் கொண்டு ரோமானியர் இதே வினையைத்தான் பயன்படுத்தினார்கள். இந்தப் பண்புக்குப் பொட்சோலானா என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1953-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹங்ரி ஹார்ஸ் அணை, பறக்கும் சாம்பலைப் பேரளவில் பயன்படுத்திய முன்னோடிக் கட்டுமானம். பெரும் கான்கிரீட் திரளில் வெப்பம் மெதுவாக வெளிப்பட்டால் விரிசல் குறையும் என்பது அதற்கு ஒரு காரணம்.

சாம்பல் கலந்த சிமென்டில் அதன் பங்கு வழக்கமாக 15 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். சிமென்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரை ஒரு டன் தயாரிக்கும்போது 0.8 டன்னுக்கும் மேல் கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால், அதற்குப் பதிலாகச் சேரும் ஒவ்வொரு டன் சாம்பலும் பயனுள்ளது. உங்களிடமிருந்து இது கேட்பது பொறுமை: தொடக்க வலு மெதுவாகவே வரும். நீர் தெளித்துப் பதப்படுத்தும் நாட்களைக் குறைத்துவிட்டு, பிறகு சாம்பலைக் குறை சொல்வது முறையாகாது.

எனினும் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. மாசுக் கட்டுப்பாடு சாம்பலின் தரத்தை எப்படி மாற்றுகிறது என்பது வெளியே அதிகம் பேசப்படாத செய்தி. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காகத் தீயின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் கட்டுப்படுத்தினால், எரியாத கரி சாம்பலில் தங்கிவிடுகிறது. அதே நோக்கத்துக்காக அம்மோனியாவைச் செலுத்தினால், அதன் எச்சம் சாம்பலில் ஒட்டிக்கொண்டு, சிமென்டோடு கலக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியாக வெளிவருகிறது. பாதரசத்தைப் பிடிக்கத் தூவும் செறிவூட்டிய கரித்தூளும் சாம்பலிலேயே சேர்கிறது. உறைபனிக்கு ஈடுகொடுக்கும் பொருட்டுக் கான்கிரீட்டில் நுண்குமிழ்களை உண்டாக்கச் சேர்க்கும் வேதிப்பொருளை அந்தக் கரி உறிஞ்சிவிடுகிறது. கான்கிரீட்டுக்கான சாம்பலை மீண்டும் எரிக்கும்போது ஏற்படும், எரியாத கரியின் அளவைக் காட்டும் எடையிழப்பு 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தர விதி சொல்வது இதனால்தான். புகைக்கான விதியை எழுதுபவரும் சாம்பலுக்கான விதியை எழுதுபவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: சாம்பல் செங்கல்லில் கதிரியக்கம் இருக்கிறது என்கிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் குழந்தைகள் வளரலாமா?

பதில்: நிலக்கரியில் யுரேனியம் பெரும்பாலும் பத்து லட்சத்தில் 1 முதல் 4 பங்கு என்ற அளவில் இருக்கும், எரிந்தபின் சாம்பலில் அது பல மடங்கு செறிகிறது. அப்போதும் அது கிரானைட் போன்ற சாதாரணப் பாறைகளில் காணும் அளவுகளை ஒட்டியே இருக்கும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1997-இல் விளக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் கட்டுமானப் பொருள்களின் கதிர்வீச்சுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற குறிப்பு அளவை வைத்திருக்கிறது; சோதித்து விற்கப்படும் கற்களைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அந்தக் கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி. தூசியில் படிகச் சிலிக்கா இருப்பதால், ஈரப்படுத்தி அறுப்பதும் முகக்கவசம் அணிவதும் அவருக்கு இன்றியமையாதவை.

கேள்வி: தாழ்வான நிலத்தைச் சாம்பல் கொட்டி மேடாக்குவதும் மறுபயன்பாட்டுக் கணக்கில் சேருமா?

பதில்: பல நாடுகளின் புள்ளிவிவரங்களில் சேர்க்கப்படுகிறது. அதனால்தான் வெறும் மறுபயன்பாட்டு விழுக்காட்டைப் பார்த்து நான் மகிழ்வதில்லை. கான்கிரீட்டிலும் செங்கல்லிலும் சாம்பலின் துகள்கள் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. ஆர்சனிக்கும் செலினியமும் வெளியே கசிவது மிகக் கடினம். பிணைக்கப்படாமல் கொட்டப்பட்ட சாம்பலோ, மழைநீர் ஊடுருவும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கரைகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டவுன் ஆஃப் பைன்ஸ் என்ற சிற்றூரில், சாம்பல் கொட்டிய நிலத்தாலும் நிரவலுக்குப் பயன்படுத்திய சாம்பலாலும் குடிநீர்க் கிணறுகளில் போரானும் மாலிப்டினமும் கலந்தன. மேடாக்கியவர்கள் அதையும் பயன்பாடு என்றே அழைத்திருப்பார்கள்; கிணற்றுக்காரர்களால் அப்படி அழைக்க முடியவில்லை.

சாம்பலை நீரோடு கரைத்துக் குளத்தில் தேக்கும் பழைய வழக்கம் இன்னும் ஆபத்தானது. 2008 டிசம்பர் 22-ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் நிலையத்தில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து, ஏறத்தாழ 41 இலட்சம் கன மீட்டர் சேறு எமரி ஆற்றிலும் அதன் கரையிலிருந்த வீடுகளைச் சுற்றியும் பரவியது. 2014 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு குளத்தின் அடியே சென்ற பழைய மழைநீர்க் குழாய் உடைந்து, டான் ஆற்றில் சாம்பல் கலந்தது. கிங்ஸ்டன் பேரிடருக்குப் பிறகே அமெரிக்கா தேசிய அளவிலான விதியை எழுதத் தொடங்கி, 2015 ஏப்ரலில் வெளியிட்டது. நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கிணறுகள், புதிய குளங்களுக்கு நீர் புகாத விரிப்பு, கரையின் உறுதிச் சோதனை, முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுதல் ஆகியவை அதில் உள்ளன. விரிப்பில்லாத குளங்கள் கசிவு தெரியும்வரை இயங்கலாம் என்று அந்த விதி அளித்த சலுகையை 2018-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. கசிந்த பிறகு மூடுவதால் ஏற்கெனவே நஞ்சேறிய கிணற்றுக்குப் பயனில்லை என்பதால், அந்தத் தீர்ப்பை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடையும் அந்த விதியில் உண்டு. சாம்பல் அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு பணியைச் செய்ய வேண்டும். சாம்பல் கிடைக்காவிட்டால் தோண்டி எடுத்திருக்க வேண்டிய ஓர் இயற்கைப் பொருளுக்கு அது மாற்றாகவும் அமைய வேண்டும். அந்தப் பொருளுக்குரிய தர அளவுகளை அது நிறைவுசெய்ய வேண்டும். சாலைக்கு வெளியே, பிணைக்கப்படாமல், 12,400 டன்னோ அதற்கு மேலோ நிலத்தில் இடுவதாயின், நீரிலும் மண்ணிலும் காற்றிலும் கலப்பது மாற்றுப்பொருளைவிட அதிகமில்லை என்றோ, பாதுகாப்பு அளவுக்குள் இருக்கும் என்றோ நிறுவவும் வேண்டும். இடம் காலியாக வேண்டும் என்பதற்காகக் கொட்டுவது இந்த நிபந்தனைகளில் முதலாவதிலேயே நின்றுவிடும்.

கேள்வி: நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டால் சாம்பல் பிரச்சினையும் தானாக முடிந்துவிடும் அல்லவா?

பதில்: புதிய சாம்பல் வருவது நிற்கும், பழையது அங்கேயே இருக்கும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்க்ளிஃப் 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கா, செயல்படாத நிலையங்களின் கைவிடப்பட்ட குளங்களையும் தன் சாம்பல் விதிக்குள் கொண்டுவந்தது. இதற்கிடையே கான்கிரீட் தொழிலுக்குச் சாம்பல் தட்டுப்பாடு தொடங்கிவிட்டதால், பல பத்தாண்டுகளாகக் குளங்களில் கிடந்த சாம்பலைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, மிஞ்சிய கரியை எரித்து நீக்கிப் பயன்படுத்தும் ஆலைகள் அமெரிக்காவில் இயங்குகின்றன. செலவு கூடுதல்தான். ஆனால் கசியும் குளம் ஒன்று காலியாவதோடு, அதன் நஞ்சு கான்கிரீட்டுக்குள் பிணைக்கப்படுவதும் இந்த ஒரே வேலையில் நடக்கிறது. குளத்தின் மேல் மண்ணைப் போட்டு மூடிவிட அனுமதி கேட்பவர்களிடம், சாம்பலின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். கீழே இருந்தால், மேல் மூடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சாம்பல் பக்கவாட்டில் வரும் நீரில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அத்தகைய குளத்தைத் தோண்டி அப்புறப்படுத்துவதற்கே அனுமதி தர வேண்டும்.