உக்ரைன் ரஷ்ய மொழியைத் தடை செய்துவிட்டதா? போர் நடக்கும்போது ஒரு நாடு சிறுபான்மை மொழிகளின் உரிமையைக் குறைக்கலாமா?

தடை செய்யவில்லை. 2019 ஏப்ரல் 25 அன்று 278 வாக்குகளுடன் உக்ரைன் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அரசமொழிச் சட்டம், அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளி, ஊடகம், கடை ஆகியவற்றில் உக்ரைனிய மொழியைக் கட்டாயமாக்கியது. தனிப்பட்ட உரையாடலையும் சமயச் சடங்குகளையும் அது தொடவில்லை. கடையிலும்கூட வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால், இருவருக்கும் ஏற்புடைய வேறொரு மொழியில் பேசலாம். எனினும், தடை இல்லை என்பதாலேயே அந்தச் சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிறுபான்மை மொழிச் சட்டங்களைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில், அதில் ஒரு பெரிய தவறு இருப்பதாகவே கருதுகிறேன். பலரும் சுட்டிக்காட்டுவது அந்தத் தவறை அன்று.

முதலில் அந்த நாட்டின் அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1863இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் வெளியிட்ட சுற்றறிக்கை, கல்வி நூல்களும் சமய நூல்களும் உக்ரைனிய மொழியில் அச்சாவதைத் தடுத்தது; 1876இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் பிறப்பித்த ஆணை அந்தத் தடையை மேலும் விரித்தது. நகரம், பல்கலைக்கழகம், பதவி உயர்வு அனைத்துக்கும் ரஷ்ய மொழியே வழி என்ற நிலை சோவியத் காலத்திலும் பெருமளவு நீடித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உக்ரைனிய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 67.5 விழுக்காடு, ரஷ்ய மொழியைச் சொன்னவர்கள் 29.6 விழுக்காடு. இத்தகைய வரலாறுடைய ஒரு நாடு தன் மொழியைப் பொதுவாழ்வில் நிலைநிறுத்த முயல்வதை ஆதிக்கம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. இச்சட்டமும், 2020 ஜனவரியில் நிறைவேறிய பள்ளிக் கல்விச் சட்டமும் சிறுபான்மை மொழிகளை ஒரே தட்டில் வைக்கவில்லை. கிரைமியத் தாத்தார் போன்ற தொல்குடி மொழிகளுக்கு ஒரு விதி. ஹங்கேரியன், ருமேனியன், போலிஷ் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுக்கு இன்னொரு விதி. ரஷ்ய மொழி உட்பட மற்றவற்றுக்கு மூன்றாவது விதி. 2020 சட்டத்தின்படி, ஒன்றிய மொழிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடநேரத்தின் ஐந்தில் ஒரு பங்கு உக்ரைனிய மொழியில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டியிருந்தது. ரஷ்ய மொழிப் பிள்ளைகளுக்கோ ஐந்தாம் வகுப்பிலேயே 80 விழுக்காடு உக்ரைனிய மொழிக்கு மாறிவிடும். பிற மொழி அச்சிதழ்கள் அதே உள்ளடக்கத்தோடு உக்ரைனியப் பதிப்பையும் வெளியிட வேண்டும் என்ற விதியிலிருந்தும் முதல் இரண்டு வகை மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் விலக்கு உண்டு. அரசியலமைப்புச் சட்டம் குறித்து ஆலோசனை கூறும் அமைப்பான, ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் இந்த வேறுபாட்டுக்குப் போதிய நியாயம் காட்டப்படவில்லை என்று 2019 டிசம்பரிலேயே, அதாவது 2022இல் முழுப்போர் தொடங்குவதற்கு முன்பே, சொல்லிவிட்டது.

இந்த அடுக்குமுறை எப்படி இயங்குகிறது என்பதை ஹங்கேரியர்களின் கதை காட்டுகிறது. 2001 கணக்கெடுப்பின்படி உக்ரைனில் இருந்த ஹங்கேரியர்கள் சுமார் 1,56,600 பேர். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் மேற்கெல்லையில் உள்ள சகர்பாத்தியா மாகாணத்தில் வாழ்ந்தனர். 2017 கல்விச் சட்டத்தின் ஏழாம் பிரிவு அவர்களுடைய மேல்நிலைப் பள்ளிகளின் பயிற்றுமொழியைப் பாதித்தபோது, நேட்டோ ராணுவக் கூட்டணியும் உக்ரைனும் கலந்துபேசும் நேட்டோ – உக்ரைன் ஆணையத்தின் கூட்டங்களை ஹங்கேரி அரசு தடுத்தது. போர் மூண்டபின் உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு ஹங்கேரியின் சம்மதமும் தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட தேசியச் சிறுபான்மையினர் சட்டம் அடுத்த ஆண்டு திருத்தப்பட்டது. 2023 டிசம்பர் 8 அன்று நிறைவேறிய திருத்தம், ஒன்றிய மொழிகளில் பள்ளிப் பாடங்களைக் கற்பிக்கும் உரிமையைப் பெருமளவு மீட்டுத் தந்தது. உக்ரைனிய மொழி, இலக்கியம், வரலாறு போன்றவை மட்டும் உக்ரைனிய மொழியில் இருந்தால் போதும். அடுத்த ஆறு நாட்களில் பேச்சுவார்த்தை தொடங்க ஐரோப்பியத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த உரிமை அவர்களுக்கு மனிதர்கள் என்பதால் வந்ததா, பின்னால் ஓர் அரசு நின்றதால் வந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை.

அதே தர்க்கத்தின் மறுபக்கம்தான் ரஷ்ய மொழி பேசுவோரின் நிலை. அவர்களுக்குப் பின்னாலும் ஓர் அரசு நிற்கிறது. அது அவர்களுடைய வீடுகளின் மீதே குண்டு வீசுகிறது. உக்ரைன் நகரங்களான கார்கிவிலும் மரியுபோலிலும் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசியவர்கள். குடியரசுத் தலைவர் செலென்ஸ்கியே ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தான். மாஸ்கோ தன்னைப் பாதுகாவலராக அறிவித்துக்கொண்டது என்பதற்காக, அந்தப் பாதுகாப்பைக் கேட்காத மக்களின் உரிமை சுருங்குவது நீதியாகாது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்பு சிறுபான்மையினரின் மொழியுரிமையைக் காக்கிறது. நாட்டின் உயிருக்கே ஆபத்தான நெருக்கடியில் ஓர் அரசு தற்காலிகமாக விலகிக்கொள்ள முடியாத உரிமைகளின் பட்டியலில் அது இல்லை. உக்ரைன் அரசியலமைப்பின் 64ஆம் உறுப்பிலும் தாய்மொழிக் கல்வியுரிமைக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே குறைக்கவே கூடாது என்று வாதிட முடியாது. ஆனால் அதே உடன்படிக்கையின் நான்காம் உறுப்பு, நெருக்கடிக்கால நடவடிக்கை எதுவும் இனம், நிறம், மொழி, சமயம் போன்ற காரணத்தை மட்டுமே கொண்டு பாகுபாடு காட்டக்கூடாது என்றும், நிலைமை கண்டிப்பாகக் கோரும் அளவைத் தாண்டக்கூடாது என்றும் நிபந்தனை விதிக்கிறது. பகைவனின் ஒலிபரப்பைத் தடுப்பது இந்த எல்லைக்குள் வரும். பத்து வயதுப் பிள்ளையின் பாடநூலுக்கு அதே காரணத்தைச் சொல்ல முடியுமா என்பதை அரசு ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டும்.

போர்க்கால மொழிச் சட்டங்களுக்குப் போரைவிட நீண்ட ஆயுள் உண்டு என்பதே என் கவலைக்கு இன்னொரு காரணம். முதல் உலகப்போரின்போது, 1918இல், அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் பொது இடங்களிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் அந்நிய மொழி பேசுவதற்கே தடை அறிவித்தார். ஜெர்மானியரோடு டேனிஷ் மொழி பேசியவர்களும் அதில் சிக்கினார்கள். நெப்ராஸ்கா மாநிலமோ எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்நிய மொழி கற்பிப்பதை 1919 ஏப்ரலில் தடை செய்தது. அதற்குள் போர் நின்று ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1923இல்தான் அதை ரத்து செய்தது.

ரஷ்யாவின் கைக்குப் போன பகுதிகளில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 2014இல் ரஷ்யா கைப்பற்றிய கிரைமியாவில் உக்ரைனிய மொழி வழிக் கல்வி பயின்ற மாணவர் எண்ணிக்கை அதன்பின் முதல் ஓராண்டிலேயே 80 விழுக்காடு சரிந்தது. இதில் ரஷ்யா இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. அந்தக் கொடுமையோடு உக்ரைனின் சட்டங்களைச் சமமாக வைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் உக்ரைன் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒடேசா மாகாணத்தின் தென்மேற்கில் ககாவுஸ் மொழி பேசும் சிற்றூர்கள் இருக்கின்றன; 2001இல் நாடு முழுவதும் ககாவுஸ் மக்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களுடையது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. ஒன்றியத்தின் அலுவல் மொழியும் அன்று, தொல்குடி மொழியென ஏற்கப்பட்டதும் அன்று. ஹங்கேரியருக்கு 2023 டிசம்பரில் தந்த அதே உரிமையை இவர்களுக்கும் தருவதால் போர்முனையில் எந்த இழப்பும் வராது. அதற்காகப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.