தூக்கிக் கட்டிய தாரும் ஒழுகும் ஷாக்கும்

கேள்வி: சொந்த உபயோகத்துக்காக 2022-இல் மஹிந்திரா தார் ஜீப் வாங்கினேன். தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்பதால், கோவையில் ஒரு கடையில் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய ஷாக் அப்சர்பர்களும் காயில் ஸ்பிரிங்குகளும் பொருத்துக்கூலியோடு 92,000 ரூபாய். ஏழாவது மாதத்தில் முன்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் ஒழுகுகிறது. பள்ளத்தில் இறங்கினால் 'டக்' என்று சத்தம். வலது ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது. கடைக்காரர், "கழற்றி அனுப்புங்கள், பார்க்கலாம். ஆனால் கரடுமுரடான பாதையில் ஓட்டியதால் வாரன்டி வராது" என்கிறார். கரடுமுரடான பாதைக்கென்றுதானே விற்றார்? பணம் திரும்புமா? வண்டியின் வாரன்டியும் போய்விடுமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: முதல் வேலை, எதையும் கழற்றாமல் இருப்பது. ஷாக் அவர் கைக்குப் போன நிமிடத்தில் உங்கள் வழக்கின் பாதி போய்விடும். வண்டி நிற்கும் நிலையிலேயே ஒழுகலைப் படமெடுங்கள். ஓடிய கிலோமீட்டரும் ஷாக்கின் மேல் அச்சிட்ட எண்ணும் படத்தில் இருக்கட்டும். 'டக்' சத்தத்தைக் காணொளியில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு டேப்பை எடுத்து, நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு அங்குலம் என்று விற்றது மூன்று அங்குலம் தூக்கியிருந்தாலும், ஏழே மாதத்தில் ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலும் அந்த டேப் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகியிருந்தால் அந்த ஒரு ஷாக்கைத்தான் சந்தேகிப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றாக ஒழுகி, கூடவே சத்தமும் வந்து, ஆக்ஸில் உறையும் கிழிந்திருப்பதால் என் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகிறது. புதிய தாரின் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக்கும். சக்கரம் மொத்தம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பது அந்தக் கைகளின் நீளத்திலும் கோணத்திலும் அடங்கியது. வண்டியைத் தூக்கினால் அந்த மொத்தம் கூடுவதில்லை. மேலே இரண்டு அங்குலம் கொடுத்ததைக் கீழே இறங்குவதில் பிடித்துக்கொள்ளும். அதனால் சின்னப் பள்ளத்தில்கூட சக்கரம் கடைசி வரை இறங்கி முட்டுகிறது. அந்த முட்டலை ஷாக்கின் உள்தடுப்பே வாங்கிக்கொண்டிருந்தால், தண்டின் வழிகாட்டியும் எண்ணெய் சீலும் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் 'டக்' அதுவாகவே இருக்கலாம். ஆக்ஸிலும் எந்நேரமும் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. கரடுமுரடான பாதையே வேண்டாம், நல்ல தார்ச்சாலையிலும் இது நடக்கும்.

பொருத்தும்போது நடக்கும் இன்னொரு தவறும் உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கீழ்க்கையின் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடிபடும். வண்டி தரையில் இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் வாய் பிளக்கும். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. இதைச் செய்தீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்பதையும் கவனியுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அந்த அச்சுத்தாளை வாங்கி வையுங்கள்.

பொருள் கெட்டதா, பொருத்தியது கெட்டதா என்ற சண்டை உங்களுக்கு வேண்டாதது. பொதுவாக விற்றவர் பொருத்தியவரைக் காட்டுவார், பொருத்தியவர் விற்றவரைக் காட்டுவார். உங்கள் அதிர்ஷ்டம், இரண்டும் ஒரே கடை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளும் குறையுள்ள சேவையும் இரண்டுமே புகாருக்கு உரியவை. இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

வாரன்டி அட்டையையும் எடுத்துப் படியுங்கள். கரடுமுரடான பாதைக்கென்று விளம்பரம் செய்த பொருளின் அட்டையில், அப்படி ஓட்டினால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருப்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. விளம்பரப் பக்கத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுங்கள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பொருள் வந்த பெட்டி இருந்தால், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் போலியாகவோ முறையான வழியில் வராததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஜி.எஸ்.டி. ரசீது வாங்கினீர்களா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருக்கிறது. ரசீது இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றமும் கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் உதவும்.

இனி, வேறொரு பட்டறையில் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நீலகிரியிலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டு. குறையைச் சோதிக்க வேண்டியிருந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. கழற்றாதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கிழிந்த உறையோடு வண்டியை ஓட்டவும் வேண்டாம். மண் புகுந்தால் ஆக்ஸில் மூட்டே போய்விடும்.

வண்டியின் வாரன்டி? இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடலாம். ஆக்ஸிலுக்கு அப்படி வாதாட எனக்கே வாய் வராது. இன்னொரு கசப்பும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. எதிர்த்தரப்பு இதைக் கிளப்பலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் தூக்கியிருந்தால் விபத்தின்போது அவர்களும் கிளப்புவார்கள். பணம் திரும்பினால் மறுபடி லிஃப்ட் கிட் தேடாதீர்கள் என்பேன். அடி தட்டுவதுதான் பிரச்சினை என்றால், வண்டியின் அடியைக் காக்கும் தகடு போட்டுக்கொண்டு அசல் ஸ்பிரிங்குக்கே திரும்பலாம்.

கேள்வி: பழைய ஜிம்னி ஒன்று விலைக்கு வருகிறது. உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சஸ்பென்ஷனுக்கு மட்டும் ஒரு லட்சம் செலவழித்ததாகச் சொல்லி விலையைக் கூட்டிக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஓசூர் வாசகி

பதில்: அவர் செலவழித்தது அவர் ஆசைக்கு. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரமும் ஒரே விறைத்த அச்சில். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் முன் ஆக்ஸில் சற்றே சுழன்று, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறையும். பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டு ஆக்ஸிலை ஒரு புறமாக இழுக்கும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது, காலியான இடத்தில் மெதுவாக ஒரு திருப்பத்திலிருந்து வெளிவந்து ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பாருங்கள். இறங்கியதும், இடது வலது டயர்கள் மட்கார்டுக்கு வெளியே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, அசல் ஸ்பிரிங்குகள் வீட்டில் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். கிடந்தால் பேசலாம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றால், புதிதாக வாங்கும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.