பன்னிரண்டாயிரம் அலைவரிசையும் நகராத பெட்டியும்

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி (கல்முனை வாசகர்): இரண்டு மாதங்களுக்கு முன் இங்குள்ள கடையொன்றில் ஆண்ட்ராய்டு ரிவி பெட்டி ஒன்றை வாங்கினோம். பன்னிரண்டாயிரம் அலைவரிசைகள் வரும் என்று கூறி, ஓராண்டுச் சந்தாவையும் சேர்த்தே விற்றார்கள். செய்தி மட்டும் பார்க்கும் என் வாப்பா றிமோட்டை அழுத்தி அழுத்தியே களைத்துப்போகிறார். ஒரே அலைவரிசை ஐந்தாறு இடங்களில் வருகிறது, பாதி திறப்பதேயில்லை. பெட்டியைப் போட்டவுடன் ‘புதுப்பிக்கப்படுகிறது’ என்று காட்டிவிட்டு நெடுநேரம் அப்படியே நிற்கிறது. கடைக்காரரோ எங்கள் இன்டர்நெட்தான் ஸ்லோ என்கிறார். வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு. பெட்டியை மாற்றித் தரும்படி கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் ஒரே பற்றுச்சீட்டில் இரண்டு பொருட்களை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று பெட்டி, மற்றையது யாரோ ஒருவர் எங்கோ ஒரு சேர்வரில் வைத்து நடத்தும் அலைவரிசைப் பட்டியல். இரண்டின் கோளாறும் வேறு, பொறுப்பாளியும் வேறு. விற்கும்போது இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிட்டு, குறை சொல்லி வருபவரிடம் மூன்றாவதாக இணைய இணைப்பின் மீது பழியைப் போடுவது இந்த வியாபாரத்தில் வழக்கமாகிவிட்டது.

கடைக்காரர் சொல்வது சரியா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று, அதே வைஃபையில் கைப்பேசியில் யூடியூப் காணொளி ஒன்றை உயர்ந்த தரத்தில் ஓடவிடுங்கள். அது தடங்கலின்றி ஓடினால் இணைப்பில் குறையில்லை. பெட்டி தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தால் அதற்கு மட்டும் வைஃபை குறைவாகக் கிடைக்கவும் கூடும். ரூட்டரிலிருந்து லான் கேபிளை நேரே செருகிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

அலைவரிசைப் பட்டியல் என்பது உண்மையில் ஒரு நீண்ட எழுத்துக் கோப்பு. ஒவ்வோர் அலைவரிசைக்கும் அதன் பெயர், அது சேர்ந்த பிரிவு, அதைப் பெறும் இணைய முகவரி ஆகியவை அதில் இருக்கும். செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்பு முழுவதையும், அதனோடு நிகழ்ச்சி நிரலையும் பெட்டி தரவிறக்கிப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தால், ஒரு ஜிபி ரெம் (வேலை செய்யும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) மட்டுமே உள்ள பெட்டி திணறத்தான் செய்யும். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதற்காக ஒரே அலைவரிசையைச் சாதாரணத் தரம், எச்டி, மாற்று இணைப்பு என்று பலமுறை சேர்த்துவிடுகிறார்கள். மூலச் சேர்வர் மூடப்பட்டதும் முகவரி செத்துவிடும். பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிடும். வாப்பா அழுத்தி அழுத்திக் களைப்பது இவற்றின் மீதுதான்.

இதற்கு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இத்தகைய செயலிகள் பெரும்பாலானவற்றில் வேண்டாத பிரிவுகளை மறைக்கவும், விருப்பப் பட்டியல் ஒன்றை உருவாக்கவும், பட்டியலை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று குறிக்கவும் வசதி இருக்கும். அறியாத மொழிகளின் பிரிவுகளை முற்றாக மறைத்துவிட்டு, அவர் பார்க்கும் எட்டோ பத்தோ அலைவரிசைகளை விருப்பப் பட்டியலில் இட்டு, செயலி திறக்கும்போது அந்தப் பட்டியலே முதலில் வரும்படி செய்துவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போகும். ஆனால் பெரியவருக்கு அதன் பின் மேலும் கீழும் அழுத்தும் இரண்டு பொத்தான்களே போதும்.

அடுத்தது சேமிப்பிடம். ‘8 ஜிபி’ என்று அச்சிட்டு விற்கப்படும் பெட்டியில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. ஒரு செயலியைப் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்க வேண்டியிருப்பதால், இடம் போதாவிட்டால் புதுப்பித்தல் பாதியில் நின்றுவிடும். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குச் சென்று எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஜிபிக்கும் குறைவாக இருந்தால், பெட்டியோடு வந்த விளையாட்டுகளையும் பயன்படாத செயலிகளையும் நீக்கி, மற்றவற்றின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இயங்குதளப் புதுப்பிப்பைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத பெட்டிகளுக்கு அது வருவதே அரிது. வந்தாலும் யாருடைய சேர்வரிலிருந்து வருகிறது என்று பயனாளருக்குத் தெரிவதில்லை. கூகுளின் சான்று பெறாத மலிவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே, அல்லது முதல் அமைப்பின்போது தரவிறங்கும் செயலிகள் வழியாக, தீநிரல் (கேடு விளைவிக்கும் மென்பொருள்) புகுத்தப்படுவதாக அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை வெளியிட்டது. இப்படித் தீநிரல் புகுந்த சாதனங்களாலான ‘பேட்பாக்ஸ் 2.0’ எனப்படும் வலையமைப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் சிக்கியிருப்பதாகக் கூறி அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடுத்தது. உங்கள் பெட்டியும் அப்படியானது என்று நான் சொல்லவில்லை. எனினும் அதில் வங்கிச் செயலியையோ, வீட்டாரின் முதன்மை மின்னஞ்சல் கணக்கையோ திறக்க வேண்டாம்.

மாற்றித் தரக் கேட்கும் உரிமைக்கு வருவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்த மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது. முதலில் கடைக்காரருக்கே குறையை எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் கையொப்பமோ முத்திரையோ பெற்றுக்கொள்ளுங்கள். பெட்டியின் அட்டையில் அச்சிடப்பட்ட ரெம், சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு பதிப்பு ஆகியவற்றையும் திரையில் காட்டப்படுவதையும் அருகருகே வைத்துப் படமெடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதைவிட வலுவான சான்று தேவையில்லை. விசாரிப்பதற்கு அதிகார சபையின் துரித இலக்கம் 1977.

ஆனால் முறைப்பாட்டைப் பெட்டியின் மீது எழுதுங்கள், அலைவரிசைகளின் மீது எழுதாதீர்கள். கட்டண அலைவரிசைகளை உரிமையின்றி விற்கும் பட்டியல், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கே புறம்பானது. அத்தகைய பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்று நியாயம் கேட்டுப் போனால் உங்கள் கை வலுவாக இராது.

கேள்வி (செங்கலடி வாசகி): கட்டாரில் வேலை செய்யும் மகன் கூகுள் ரிவி பெட்டி கொண்டுவந்து தந்தார். நல்ல பெயருள்ள கம்பெனிதான். ஆனால் முகப்பில் நாங்கள் கேட்காத படங்களும் விளம்பரங்களும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அரபு நிகழ்ச்சிகளும் வருகின்றன. இங்குள்ள சில செயலிகள் பிளே ஸ்டோரில் கிடைக்கவில்லை.

பதில்: பெட்டியில் மகனுடைய கணக்கே இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளே ஸ்டோரில் எந்தச் செயலி தெரியும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குக்குரிய நாடு. அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்பதால் அவருடைய கணக்கைத் தொட வேண்டாம். இலங்கையில் தொடங்கிய உங்கள் கணக்கைச் சேர்த்து அதையே பயன்படுத்துங்கள். முகப்பு நெரிசலுக்கு, அமைப்புகளில் உங்கள் கணக்கைத் திறந்து ‘செயலிகள் மட்டும்’ என்ற முறையை இயக்கினால் பரிந்துரை வரிசைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். விளம்பரத்துக்கென்றே திரையின் பாதியை ஒதுக்கிவிட்டு, அதை நிறுத்தும் வழியை மூன்றாம் கதவுக்குள் ஒளித்து வைத்திருப்பது பெரிய கம்பெனிக்கு அழகில்லைதான். பழுதானால் கட்டாரின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதை மகன் அங்கிருக்கும்போதே அட்டையைப் பார்த்துக் கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): கரண்ட் போய் வந்தால் பெட்டியில் எல்லாச் செயலிகளும் ‘இணைப்பு இல்லை’ என்கின்றன. ஆனால் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிகிறது.

பதில்: திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள், அநேகமாக ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் மணிக்கூட்டுக்கெனத் தனி மின்கலம் இல்லாததால் மின்சாரம் நின்றதும் திகதி பின்னே போய்விடுகிறது. பாதுகாப்பான இணைப்புக்கு உரிய சான்றிதழ்கள் திகதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால் செயலிகள் இணைய மறுக்கின்றன. தானியங்கித் திகதியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள்; சரிவராவிட்டால் கையால் திருத்துங்கள். மின்வெட்டு எதிர்பார்க்கப்படும் வேளையில் இயங்குதளப் புதுப்பிப்பை மட்டும் தொடங்க வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி மறுபடி எழும்பாமலே போகக்கூடும்.

கேள்வி (காத்தான்குடி வாசகர்): புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன். கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அலைவரிசை எண்ணிக்கையைச் சொல்லி விற்கும் கடையில் வாங்காதீர்கள். அட்டையைப் பிரித்து, கடையிலேயே பெட்டியை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அமைப்புகளில் தெரியும் ஆண்ட்ராய்டு பதிப்பு இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதைப் பொய்யாகக் காட்டும் பெட்டிகள் சந்தையில் உண்டு. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘பற்றி’ என்ற பகுதியில் சாதனம் சான்று பெற்றதா என்று எழுதியிருக்கும். சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பொதுவாக எச்டி தரத்தில் ஓடுவதில்லை. ரெம் 2 ஜிபிக்குக் குறைய வேண்டாம், சேமிப்பிடம் 16 ஜிபியாவது இருக்கட்டும். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். ‘ரிவி பெட்டி 1’ என்று மட்டும் எழுதிய சிட்டையைக் கொண்டு பிறகு எதையும் நிறுவ முடியாது.