டம்ளர் நழுவிய பத்து நிமிடம்

"வயது 54. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா பக்கவாதத்தில் போனவர். மெஷின் வாங்கி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பிரஷர் பார்க்கிறேன். காலையில் 128, மாலையில் 146, ஏற்காடு ஏறிய அன்று 152. நார்மலாக வந்ததால் பிரஷர் மாத்திரை அம்லோடிபினை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டு, கூடினால் மட்டும் ஒன்று போடுகிறேன். நரம்பு வெடித்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. காதில் இரைச்சலும் இருக்கிறது. போன வாரம் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. பத்து நிமிடம் பேச்சு குழறியது. பிறகு சரியாகிவிட்டது."

ஐயா, இரண்டு பக்கத்துக்கு எண்களை எழுதிவிட்டு டம்ளரைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் கூப்பிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வலது கை தளர்ந்து பேச்சும் குழறினால், மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டிருக்கலாம். அடைத்த ரத்தக் கட்டி தானாகக் கரைந்ததால் தப்பித்தீர்கள். இதை மினி ஸ்ட்ரோக் என்பார்கள். "சரியாகிவிட்டது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. முழு பக்கவாதம் வர வாய்ப்பு அதிகமுள்ளது அடுத்த இரண்டு நாட்களில். நீங்கள் ஒரு வாரத்தைக் கடத்திவிட்டீர்கள். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேன், இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் பார்த்தாக வேண்டும்.

இனி வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்து 108. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மாதிரி ஸ்கேன் உள்ள இடமாகப் போகவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் மெஷினைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். வாட்ஸ்அப்பில் சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை வாயில் போடவும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் அதே மாத்திரை நிலைமையை மோசமாக்கும்.

மாத்திரையை நிறுத்தியது பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அளவு நார்மலாக வந்ததே மாத்திரையால்தான்! அம்லோடிபின் தலைவலி மாத்திரை இல்லை, வலிக்கும்போது போட. தினமும் போட்டு, உடம்பில் அதன் அளவு ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் ஆகும். 146 பார்த்த மாலையில் ஒன்று விழுங்குவது உங்கள் மனதுக்கு மட்டும்தான் மருந்து.

வெடிப்பது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். அதுவும் ஒரு மாலை 152 வந்ததால் வெடிக்காது. வருடக்கணக்கில் கவனிக்காத பிரஷர் குழாய்ச் சுவரைக் கெடுத்துவைக்கிறது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. வெடிப்பால் வருபவை குறைவு.

ஏற்காட்டை விட்டுவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டி, இறங்கியதும் மெஷின் பட்டையைக் கையில் கட்டினால் யாருக்கும் கூடத்தான் காட்டும். காது இரைச்சல்? பட்டறைச் சத்தத்திலேயே வாழ்கிறவர் காது டாக்டரைப் பாருங்கள்.

ஏழெட்டு முறை பார்ப்பது பயத்தைத்தான் அளக்கிறது. ஒரு வாரம் மட்டும், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை பாருங்கள். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே பிரஷர் இருக்கிறது என்று அர்த்தம்; டாக்டர் அறையில் பார்க்கும் 140/90-க்கு அது சமம். மினி ஸ்ட்ரோக் வந்தவருக்கு இலக்கு இன்னும் கீழே. அதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

அவரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப் போங்கள். கை பெருத்தவருக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூடித்தான் காட்டும்.