கெர்னலின் பின்கட்டு ஆட்கள்: கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், வொர்க்கியூ எனும் வேலை வரிசைகளில் விழும் வேலைகளை ஓசைப்படாமல் எடுத்துச் செய்யும் வொர்க்கர் த்ரெட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, டிரைவர் எழுதியே தலை நரைத்த ஒருவனின் பதில்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுத்தால் சதுர அடைப்புக்குறிக்குள் கேவொர்க்கர் என்று முப்பது பெயர்கள் வருகின்றன. ஏதாவது வைரஸா?

பதில்: இல்லை. மற்ற புரோகிராம்களுக்கு அவற்றைத் தொடங்கிய கட்டளை வரி இருக்கும். கெர்னல் த்ரெட்டுக்கு அது கிடையாது. அதனால்தான் அடைப்புக்குறி. பெயருக்குப் பின்னால் 0:1 என்றிருந்தால் முதல் எண் சிபியு. எண்ணுக்கு முன் ‘யு’ இருந்தால் எந்த சிபியுவோடும் கட்டப்படாதது. கடைசியில் ‘எச்’ இருந்தால் முன்னுரிமை கூடியது. சந்தேகம் தீரவில்லையா? தாய் புரோசஸின் எண்ணைப் பாருங்கள். கெர்னல் த்ரெட்டுகளைப் பெற்றெடுக்கும் கேத்ரெட்டியின் எண் 2. கேவொர்க்கர் என்று பெயர் வைத்துக்கொண்டு தாய் எண் வேறாக இருந்தால், அப்போது பயப்படலாம். அந்த வேஷம் போடும் தீநிரல்கள் உண்டு.

கேள்வி: அண்ணா, அதில் ஒன்று ஒரு சிபியுவை முழுதாக விழுங்குகிறது. கட்டாயமாகக் கொல்லும் சிக்னலான கில் மைனஸ் 9 கொடுத்தும் சாகவில்லை.

பதில்: சாகாது தம்பி. தானாகக் கேட்டு வாங்கினாலொழிய கெர்னல் த்ரெட்டை எந்த சிக்னலும் தொடாது. செத்தாலும் லாபமில்லை, அது கூலியாள். வேலை கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். பெயரின் வாலில் கூட்டல் குறி இருந்தால், அதை அடுத்து வருவது இப்போது எந்த வரிசையின் வேலை நடக்கிறது என்பது. கழித்தல் குறி என்றால் கடைசியாகச் செய்த வேலை. அதுவும் போதாவிட்டால் ரூட்டாக நுழைந்து, புரோக் அடைவில் அந்த த்ரெட்டின் எண்ணுக்குக் கீழே, அது எந்தெந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்று காட்டும் ஸ்டாக் கோப்பை நாலைந்து முறை படியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே ஃபங்ஷன் தலை காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

என் பழைய மடிக்கணினியில் கூட்டல் குறிக்குப் பின் கேஏசிபிஐடி என்றிருந்தது. அது ஏசிபிஐ, அதாவது மூடி, பேட்டரி, சூடு சம்பந்தமான அறிவிப்புகளின் வரிசை. சிஸ் அடைவில் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று இறங்கினால் ஒவ்வொரு ஜிபிஇ-க்கும், அதாவது வன்பொருள் ஏசிபிஐ-க்கு அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொரு வழிக்கும், ஓர் எண்ணிக்கை இருக்கும். இரண்டு முறை பார்த்தேன். மற்றவை அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் லட்சங்களில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பில் டிசேபிள் என்று எழுதினேன்; விசிறி அடங்கியது. நீங்கள் முதலில் பயாஸ் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதற்கான அறிவிப்பு என்று தெரியாமல் அடைத்தால், மூடியை மூடினாலும் கணினி தூங்காமல் போகலாம்.

கேள்வி: டிரைவர் எழுதப் பழகுகிறேன் ஐயா. சொந்த த்ரெட் வைப்பதா, வொர்க்கியூவில் வேலையைப் போடுவதா?

பதில்: வரிசையில் போடுங்கள். 2010-க்கு முன் பல வரிசைகள் சிபியுவுக்கு ஒரு த்ரெட் வீதம் தாமே வைத்துக்கொண்டன. பெரிய சர்வர்களில் பாதி ஆள் தூங்கும். அந்த ஆண்டு 2.6.36 பதிப்பில் டெஜுன் ஹியோவின் மாற்றம் வந்தது. ஆட்கள் பொதுவானார்கள். ஒரு வொர்க்கர் வேலை நடுவே தூங்கினால், சிபியுவை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் தகவல் சொல்லும், அடுத்தவர் எழுப்பப்படுவார். தேவைக்கு மேல் சேர்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருந்தவர் வீட்டுக்குப் போவார். இவ்வளவையும் உங்கள் கையால் எழுத வேண்டுமா?

கேள்வி: என் டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து கழற்றும்போது அது சில சமயம் சரிகிறது, சில சமயம் உறைகிறது.

பதில்: இரண்டு தனி நோய்கள். சரிவது: மாட்யூலின் நிரல் போன பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. முதலில் வேலை அனுப்பும் டைமரையும் இன்டரப்டையும் நிறுத்துங்கள், பிறகு பாக்கி வேலையை ரத்து செய்து, ஓடுவது முடியும்வரை காத்திருக்கும் கேன்சல் வொர்க் சிங்க், அதன் பிறகே நினைவகத்தை விடுவியுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் ரத்து செய்த மறுகணமே டைமர் புதிய வேலையைப் போட்டுவிடும். உறைவது: ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேன்சலை அழைக்கிறீர்கள், அந்த வேலையும் அதே பூட்டுக்குக் காத்திருக்கிறது. பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப்பை இயக்கி வைத்தால் இது பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சிபியு சும்மா இருக்கிறது, கணினியின் சராசரிச் சுமையைச் சொல்லும் லோட் ஆவரேஜ் மட்டும் 1-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: டி நிலையில், அதாவது சிக்னலுக்கும் எழாத தூக்கத்தில், ஒரு கெர்னல் த்ரெட் இருக்கும், பாருங்கள். லினக்ஸ் அந்தத் தூக்கத்தையும் சுமையாக எண்ணும். நானே ஒருமுறை அப்படி எழுதி, வாரக்கணக்கில் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். 4.2 பதிப்பு முதல், சுமையாக எண்ணப்படாமல் அப்படித் தூங்குவதற்கென்றே டாஸ்க் ஐடில் என்ற நிலை இருக்கிறது.

கேள்வி: பெயரில் ‘ஆர்’ எழுத்தோடு சில கேவொர்க்கர்கள் எப்போதும் தூங்குகின்றன. எதற்கு இந்தத் தண்டச் சம்பளம்?

பதில்: நினைவகம் தீர்ந்துபோகும் நாளுக்காக. இடம் காலியாக வேண்டுமென்றால் நினைவகப் பக்கங்களை வட்டில் எழுத வேண்டும். எழுத வொர்க்கர் வேண்டும். புதிய வொர்க்கரை உருவாக்க நினைவகம் வேண்டும். அந்த முடிச்சில் சிக்கக் கூடாதென்று முன்கூட்டியே உருவாக்கி வைத்த ரெஸ்க்யூவர் அவர். தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.